தக்களியும் கொம்புத் தலைக்கவசமும்: தொடக்கப்பள்ளியில் ‘வாழும் வரலாறு’

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியராக இருந்த ஜான் டூயி 1896இல் அங்கே ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அதில் நடந்த பாடம் ஒன்றை 1899இல் ஆற்றிய உரைகளில் அவர் விவரிக்கிறார். ‘பள்ளியும் சமூகமும்’ என்ற நூலில் அது இடம்பெற்றிருக்கிறது. பிள்ளைகளின் கையில் ஆட்டு ரோமத்தையும் செடியிலிருந்து பறித்த பருத்திக்காயையும் கொடுத்தார்கள். விதையை நீக்கிப் பஞ்சை மட்டும் விரலால் பிரிக்க வேண்டும். ஒரு குழு அரை மணிநேரம் உட்கார்ந்து பிரித்தும் ஒரு அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. ஒரு ஆள் நாள் முழுக்கப் பிரித்தாலும் ஒரு பவுண்டுதான் கிடைக்கும் என்ற செய்தியை அதன்பின் அவர்களால் நம்ப முடிந்தது. தங்கள் முன்னோர் பருத்தியை விட்டுக் கம்பளியை உடுத்தியது ஏன் என்பதும் விளங்கியது. பிறகு இரண்டு இழைகளையும் ஒப்பிட்டார்கள். பருத்தி இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருந்தது. ரோமம் நீளமானது, சொரசொரப்பால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வது. நூற்பதற்கு எது எளிது என்பதை அவர்களே சொன்னார்கள்.

அந்த வகுப்பில் பழங்காலத்து உடையைப் போட்டுக்கொண்டு யாரும் நடிக்கவில்லை. ஆனாலும் வரலாற்று ஆய்வாளர் செய்யும் வேலையைத்தான் அந்தப் பிள்ளைகள் செய்தார்கள்: ஒரு பொருளை எடுத்து, அதன் இயல்பைப் பார்த்து, அந்த இயல்பு மனிதர்களை எப்படி நடக்கவைத்திருக்கும் என்று யோசித்தார்கள். இன்று ‘வாழும் வரலாறு’ என்ற பெயரில் உலகின் பல நாடுகளில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் செய்முறைப் பட்டறைகளை எடைபோட இதைவிட நல்ல படிக்கல் எனக்குத் தெரியவில்லை. கைக்குக் கொடுக்கும் வேலை ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். அந்தக் கேள்விக்கு ஆதாரத்தை வைத்து விடை தேடும் வாய்ப்பும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். வேடம் அதற்குப் பிறகுதான்.

இத்தகைய பட்டறைகள் பள்ளி வாழ்க்கையின் வழக்கமான பகுதியாகவே ஆகிவிட்ட நாடு இங்கிலாந்து. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் அங்கே தேசியப் பாடத்திட்டத்துக்கு வழி செய்தது. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட பாடத்திட்டம், 7 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளுக்குக் கற்காலம் முதல் இரும்புக்காலம் வரையிலான பிரிட்டனைக் கட்டாயப் பாடமாக்கியது. அதன்பின் ரோமானியர், ஆங்கிலோ-சாக்சன்கள், வைக்கிங்குகள் வருகிறார்கள். உலகின் முதல் நாகரிகங்களில் ஒன்றாகச் சிந்துவெளியை எடுத்துப் படிக்கவும் இடமுண்டு.

கற்காலம் பாடத்துக்குள் வந்ததும் ஆசிரியர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. அந்தக் காலத்து மனிதர் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. கடிதமோ அரசாணையோ இல்லை. கல்லும் எலும்பும் பானையோடும் குழிகளின் தடமும்தான் மிஞ்சியிருக்கின்றன. கதை சொல்லி வரலாறு நடத்திப் பழகிய ஆசிரியர் இங்கே பொருளை வைத்துத்தான் நடத்த முடியும். பட்டறை நடத்துபவர்களை அழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டறை நடத்துபவர் காலையில் பள்ளிக்கு வருவார். கூடத்தில் துணிவிரிப்புகளைப் பரப்பி, ஒன்றில் தானியம் அரைக்கும் கல், ஒன்றில் சுள்ளியைப் பின்னி மண் அப்பும் சுவர்ச்சட்டம், ஒன்றில் ரோமமும் தக்களியும் என்று வைப்பார். ரோமானியர் பாடமென்றால் மெழுகுப் பலகையும் எழுத்தாணியும், சுத்தியலால் அடித்து நாணயம் பொறிக்கும் அச்சும் வரும். வைக்கிங் பாடமென்றால் மரக் கேடயங்கள் வரும். பிள்ளைகள் அவற்றை அடுக்கிச் சுவராக நின்று ஆரவாரிப்பார்கள். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு விரிப்பாகச் சுற்றவிடுவது வழக்கம்.

இந்தக் கூடத்துக்குள் இரண்டு வெவ்வேறு மரபுகள் வந்து சேர்கின்றன. ஒன்று 1891இல் ஸ்டாக்ஹோமில் ஆர்த்தர் ஹசீலியஸ் தொடங்கிய ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தின் மரபு. ஸ்வீடனின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, திறந்தவெளியில் நிறுத்தி, வட்டார உடை அணிந்தவர்களை அவற்றில் உலவவிட்டார். ஆலைகளும் ரயிலும் கிராமங்களை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. மறைந்துபோகும் வாழ்க்கையைக் கண்முன் நிறுத்தவேண்டும் என்ற தவிப்பில் பிறந்த முயற்சி. சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவும் பழைய வீடுகளைப் பெயர்த்து நிறுவிய திறந்தவெளி அருங்காட்சியகம்தான். இந்த மரபின் பலம் காட்சி.

மற்றொன்று சோதனைத் தொல்லியல். டென்மார்க்கின் லேய்ரே என்ற ஊரில் 1964இல் ஹான்ஸ்-ஓலே ஹான்சன் ஓர் ஆய்வுக்களத்தை அமைத்தார். இரும்புக்கால வீட்டைப் போல ஒன்றைக் கட்டி, பிறகு தீவைத்து எரித்து, எரிந்த வீடு மண்ணில் என்ன தடம் விடுகிறது என்று அங்கே பார்த்தார்கள். 1972இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷரில் பட்சர் பண்ணை தொடங்கியது. அதை நடத்தியவர் பீட்டர் ரெனால்ட்ஸ். இரும்புக்காலக் குடியிருப்புகளில் அகழாய்வாளர்கள் ஏராளமான ஆழ்குழிகளைக் கண்டிருந்தார்கள். அவை தானியக் குழிகளாக இருக்கலாம் என்பது கருத்து. ஈரமான ஆங்கிலேய மண்ணில் தானியம் கெடாமல் இருக்குமா? ரெனால்ட்ஸ் குழிகளை வெட்டி, தானியத்தைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்தார். குழியின் ஓரத்தை ஒட்டிய தானியம் முளைவிடத் தொடங்கி உள்ளிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டது. கரியமிலவாயு நிறைந்ததும் முளைப்பு நின்றது. குளிர்காலம் கழிந்து திறந்தபோது நடுவிலிருந்த தானியம் நன்றாகவே இருந்தது, விதைத்தால் முளைத்தது.

அதே பண்ணையில் வட்டவீடுகளையும் கட்டினார்கள். அடுப்புப் புகை வெளியேறக் கூரை உச்சியில் ஒரு துளை இருந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பழைய பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான் காட்டின. துளை வைத்தால் காற்று மேலே இழுக்கும்; பொறி பறந்து கூரை பற்றிக்கொள்ளும். துளையில்லாத கூரையில் புகை வேய்ந்த புல்லின் வழியே மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. படம் வரைந்தவருக்குத் தெரியாத ஒன்றை வீடு கட்டியவர் தெரிந்துகொண்டார். ஏழு வயதுப் பிள்ளையிடம் இந்தக் கூரைப் புதிரை வைத்தால், ‘துளை வேண்டுமா, வேண்டாமா’ என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதிடும். பட்டறை என்பது இதுதான்.

காட்சியை வெறுக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கண்ணை முதலில் இழுப்பது அதுதான். ஆனால் காட்சி தனியே நிற்கும்போது ஆதாரமில்லாத ஒன்றைக்கூட அசைக்கமுடியாதபடி மனத்தில் பதித்துவிடுகிறது. வைக்கிங் நாள் என்றால் பிளாஸ்டிக் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள். வைக்கிங்குகள் கொம்புத் தலைக்கவசம் அணிந்து போரிட்டதற்குத் தொல்லியல் சான்று கிடையாது. நார்வேயின் யெர்முண்ட்புவில் 1943இல் கிடைத்த கவசத்தில் கொம்பு இல்லை. அந்தக் கொம்புகளை ஐரோப்பாவின் கண்ணில் ஆழப் பதித்ததில் 1876இல் பைராய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகத்துக்குக் கார்ல் எமில் டோப்லர் வடிவமைத்த உடைகளுக்குப் பெரும் பங்குண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாடகக் கொட்டகையிலிருந்து வந்த அந்தக் கொம்பு பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை. நல்ல பட்டறை ஆசிரியர் அந்தத் தலைக்கவசத்தைப் பிடுங்கமாட்டார். அதை நடுவில் வைத்து, ‘இது எங்கிருந்து வந்தது, எப்படித் தெரியும்?’ என்று கேட்பார்.

பிள்ளைகள் கடந்தகாலத்தைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள் என்பதை இங்கிலாந்தில் பீட்டர் லீயும் ரோசலின் ஆஷ்பியும் 1990களில் விரிவாக ஆராய்ந்தார்கள். 7 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களிடம் வரலாற்றுப் புதிர்களைக் கொடுத்து, அவர்கள் எப்படிக் காரணம் சொல்கிறார்கள், ஆதாரத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தார்கள். இரண்டு முடிவுகள் இங்கே முக்கியம். முதலாவது, கடந்தகாலத்தைக் குறைபாட்டின் காலமாகப் பிள்ளைகள் எண்ணுவது: அவர்களிடம் அது இல்லை, இது இல்லை, நம் அளவுக்கு அறிவில்லை, அதனால்தான் அப்படி விசித்திரமாக நடந்துகொண்டார்கள். இரண்டாவது, வயது ஏறினால் சிந்தனையும் தானே ஏறும் என்பது மெய்யில்லை. 14 வயதுப் பிள்ளைகள் சிலரைவிட 7 வயதுப் பிள்ளைகள் சிலர் தெளிவாக யோசித்தார்கள். ‘சின்னப் பிள்ளைகளுக்குக் கதை போதும், ஆதாரம் பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கு இது நேரடி மறுப்பு.

குறைபாட்டின் காலம் என்ற எண்ணத்தைச் சொற்பொழிவால் கலைக்க முடியாது. தக்களி கலைத்துவிடும்.

சீவிய ரோமத்தைக் கொஞ்சம் இழுத்து, தக்களியின் தண்டில் முடிந்து, சுழற்றித் தொங்கவிட வேண்டும். முறுக்கு ஏற ஏற இழையை அளவாக விட்டுக்கொடுக்க வேண்டும். விடாவிட்டால் இழை சுருண்டு முடிச்சுவிழும். அதிகம் விட்டால் அறுந்து தக்களி தரையில் விழும். ஒன்பது வயதுப் பிள்ளையின் முதல் நூல் ஓரிடத்தில் விரல் பருமன், அடுத்த இடத்தில் மயிரிழை. அரை மணிநேரத்துக்குப் பிறகு கையிலிருப்பது முழ நீளத்துக்கு முண்டும் முடிச்சுமான ஒன்று. ஒரு சட்டைக்குத் தேவையான துணியில் எத்தனை முழம் நூல் இருக்கும் என்று அப்போது கேட்டால், வகுப்பு அமைதியாகிக் கணக்குப் போடத் தொடங்கும். தறியில் நெய்யும் நேரத்தைவிட நூற்பதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். பழைய உலகில் துணி ஏன் அவ்வளவு விலையுயர்ந்த சொத்தாக இருந்தது என்பதற்கான காரணம் அந்த விரல்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

இதோடு நிறுத்தினால் ‘அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டம்’ என்ற பரிதாபம்தான் மிஞ்சும். குறைபாட்டுக் கதைக்கே திரும்பிப் போய்விடுவோம். அடுத்த அடி ஒன்று வேண்டும். கேம்பிரிட்ஜ்ஷரின் விட்டில்சி அருகே மஸ்ட் ஃபார்ம் என்ற இடத்தில், ஆற்றுக்கு மேல் மரக்கால்களில் நின்ற ஒரு வெண்கலக்கால ஊர் கி.மு. 850 அளவில் தீப்பிடித்து நீரில் சரிந்தது. 2015-16இல் நடந்த அகழாய்வில், உணவு மிச்சத்தோடு கிண்ணங்களும், தக்களி வட்டுகளும், நூல்கண்டுகளும், துணித் துண்டுகளும் கிடைத்தன. தீயில் கருகியதாலும் சேற்றில் புதைந்ததாலும் ஆளிச்செடி நாரில் செய்த நூல் அழியாமல் தப்பியது. அந்த நூல் வியக்கவைக்கும் அளவுக்கு மெல்லியது. பட்டறையில் தான் செய்த முண்டு நூலை மேசையில் வைத்து, பக்கத்தில் மஸ்ட் ஃபார்ம் நூலின் பெரிதாக்கிய படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது. ஏறத்தாழ 2,850 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கை தன் கையைவிடத் தேர்ந்த கை. தன்னிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருந்திருக்கிறது. கடந்தகாலத்தின் மீது மரியாதை பிறக்க இதைவிட நேர்மையான வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கை இப்படி எதையெல்லாம் கற்றுத்தரும்? நேரம், உழைப்பு, பொருளின் இயல்பு, திறமையின் ஆழம். அச்சம், பசி, அடிமைத்தளை, பக்தி ஆகியவற்றைக் கை கற்றுத்தராது. அரைக்கும் கல்லை இருபது நிமிடம் உருட்டியவள் தோள் வலிப்பதை அறிவாள். அரைத்தால்தான் மாலையில் சாப்பாடு என்ற நிலையை அறியமாட்டாள், அவள் மதிய உணவு பையில் இருக்கிறது. இந்த எல்லையைப் பட்டறை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வரலாறு என்பது கடந்தகாலத்துச் சிந்தனையை மீண்டும் சிந்தித்துப் பார்ப்பது என்று வாதிட்டவர் மெய்யியலாளர் ஆர்.ஜி. காலிங்வுட், அவர் இறந்தபின் 1946இல் வெளிவந்த ‘வரலாறு என்னும் கருத்து’ நூலின் மையம் அதுதான். அவர் ரோமானிய பிரிட்டனை அகழ்ந்து ஆராய்ந்த தொல்லியலாளரும்கூட. அவர் பேசியது கடந்தகாலத்து மனிதர் ஒருவர் எந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றார் என்று ஆதாரத்திலிருந்து கண்டறிவதை. அந்த மனிதரின் உடையைப் போட்டுக்கொண்டு அவராகவே உணர்வதை அல்ல.

விக்டோரியா காலத்து வகுப்பறைப் பட்டறைகளை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லண்டனின் மைல் எண்டு பகுதியில், பர்னார்டோ என்பவர் 1877இல் ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்தத் தொடங்கிய இலவசப் பள்ளியின் கட்டடம் 1990 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே இன்றைய பிள்ளைகள் பழைய மேசைகளில் உட்கார்ந்து, சிலேட்டில் எழுதி, கண்டிப்பான ஆசிரியை வேடமிட்டவரிடம் பாடம் கேட்கிறார்கள். இதே வடிவத்தைப் பல பள்ளிகள் தங்கள் வகுப்பறையிலேயே நடத்துகின்றன. பிள்ளைகளுக்கு அந்த நாள் வெகுகாலம் நினைவில் நிற்கும். பிரம்பும் முட்டாள் தொப்பியும் மட்டும் நினைவில் நின்றால் என்ன பயன்? பழைய ஆசிரியர்கள் கொடியவர்கள், நாம் கொடுத்துவைத்தவர்கள் என்ற முடிவோடு அவர்கள் வீடு திரும்புவார்கள்.

அந்த ஆசிரியை ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. 1862இல் இங்கிலாந்து அரசு பள்ளிகளுக்குத் தரும் மானியத்தை மாணவர் வருகையோடும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஆய்வாளர் நடத்தும் தேர்வின் முடிவோடும் பிணைத்தது. ஒரு பிள்ளை வராவிட்டாலும் தோற்றாலும் பள்ளிக்குப் பணம் குறையும். மானியம் பெற்ற பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் நாட்குறிப்புப் பதிவேடு எழுதவேண்டும் என்ற விதியும் அப்போது வந்தது. அந்தப் பதிவேடுகள் பல மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இன்றும் இருக்கின்றன. அறுவடைக்குப் போனதால் வகுப்பு பாதி காலி, காலில் செருப்பில்லாததால் வரவில்லை, அம்மை கண்டு பள்ளி மூடல் என்பன போன்ற செய்திகளை அவற்றில் காணலாம். தன் பள்ளியின் பழைய பதிவேட்டுப் பக்கம் ஒன்றை முதல்நாள் வாசித்த பிள்ளை, மறுநாள் அந்தப் பெஞ்சில் உட்காரும்போது வேறொரு பிள்ளை. வராதவன் வயலில் இருக்கிறான், ஆசிரியையின் சம்பளமும் அவன் வருகையைச் சார்ந்தது என்று அதற்குத் தெரியும். பிரம்பு அப்போது வெறும் வேடிக்கையாக இராது, ஒரு அமைப்பின் கருவியாகத் தெரியும். இப்படிச் செய்ய ஆசிரியருக்கு இரண்டு மாலை கூடுதல் வேலை. தொப்பி தைப்பதைவிடப் பயனுள்ள வேலை.

யார் யாராக வேடமிடுவது என்ற கேள்வியையும் தள்ளிப்போட முடியாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் 1947இல் நிறுவப்பட்ட வாழும் வரலாற்று அருங்காட்சியகத்தில், ஆங்கிலேயக் குடியேறிகளின் ஊரில் இருப்பவர்கள் பதினேழாம் நூற்றாண்டு மனிதர்களாகவே பேசுவார்கள். இன்றைய உலகம் எதுவும் தெரியாததுபோல் நடிப்பார்கள். பக்கத்திலிருக்கும் வாம்பனோக் பழங்குடிக் குடியிருப்பில் அப்படியில்லை. அங்கே பழைய உடையில் படகு குடைகிறவர்கள் உண்மையான பழங்குடியினர். இருபத்தோராம் நூற்றாண்டு மனிதர்களாகவே பேசுகிறார்கள். தங்களுக்கு நேர்ந்ததையும் தாங்கள் இன்றும் இருப்பதையும் ஒரே மூச்சில் சொல்ல அதுவே வழி. இந்த நிறுவனம் 2020இல் தன் பெயரோடு அந்த இடத்தின் பழங்குடிப் பெயரான பட்டக்செட்டையும் சேர்த்துக்கொண்டது. அடிமை ஏலத்தையோ சாதி ஒதுக்கலையோ வகுப்பில் பிள்ளைகளை வைத்து நடித்துக்காட்டுவது கூடவே கூடாது என்பேன். அந்த வேடம் ஒரு பிள்ளைக்கு விளையாட்டு. பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டில் கேட்ட கதை. அங்கே ஆவணத்தை வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம், பேசலாம்.

நம் பக்கம் திரும்பினால், தக்களி நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டுக்குப் பின், ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. குழுவின் அமைப்பாளர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா ஓர் உறுப்பினர். ஒரு கைத்தொழிலை மையத்தில் வைத்து மற்றப் பாடங்களை அதோடு பின்ன வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. டூயியின் வகுப்பறைக்கு மிக நெருங்கிய சிந்தனை அது. ஆனால் பிள்ளைகள் நூற்ற நூலின் வருமானத்திலேயே பள்ளி நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே ஒட்டிக்கொண்டது. கெஜக்கணக்கு வந்த இடத்தில் கேள்விக்கு நேரமில்லாமல் போனது. கையை நம்பிய ஒரு பெரிய கல்வி முயற்சி தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அதன் நல்ல பாதியை மீட்டெடுக்க முடியும்.

அதற்கான பொருள் நம் மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. கீழடி அகழாய்வில் கிடைத்தவற்றில் சுடுமண் தக்களி வட்டுகளும், நெசவில் பயன்பட்ட கூர்மையான எலும்புக் கருவிகளும் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை அவற்றை நெசவுத் தொழிலின் சான்றாகப் பதிவுசெய்தது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிறு சுடுமண் வட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்கிறார்கள். அந்த வட்டின் எடையும் விட்டமும் நூலின் பருமனைத் தீர்மானிப்பதில் பங்குள்ளவை என்பதைச் சோதனைத் தொல்லியல் காட்டியிருக்கிறது. கனமான வட்டு மெல்லிய இழையை அறுத்துவிடும். பருத்தியின் குட்டை இழைக்கு இலகுவான வட்டு வேண்டும், அல்லது தக்களியின் முனையைத் தொங்கவிடாமல் ஒரு சிரட்டையில் ஊன்றிச் சுழற்ற வேண்டும்.

இதை நான்காம் வகுப்புப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். முந்தின வாரம் பள்ளியில் களிமண்ணை உருட்டி, மூன்று நான்கு வெவ்வேறு எடையில் வட்டுகள் செய்து, துளையிட்டு, உள்ளூர்க் குயவரின் சூளையில் சுட்டுக்கொள்ளட்டும். மூங்கில் குச்சியைச் செருகி, பஞ்சை நூற்று, எந்த வட்டில் நூல் நின்றது, எதில் அறுந்தது என்று எழுதட்டும். அறுந்த நூலையும் குறிப்பேட்டில் ஒட்டட்டும். அதன்பிறகு அருங்காட்சியகத்துக்கு வந்து, அங்கிருக்கும் வட்டுகளின் எடையைக் கேட்டுத் தங்கள் அட்டவணையோடு ஒப்பிடட்டும். வட்டு சுடுமண் என்பதால் தங்கியது. பஞ்சும் நூலும் மட்கிப்போகும். அப்படியானால் கீழடிக்காரர்கள் எவ்வளவு மெல்லிய நூல் நூற்றிருப்பார்கள்? குறிப்பேட்டின் இடது பக்கத்தில் மண்ணில் கிடைத்ததை எழுதலாம். நாம் செய்து பார்த்ததையும் ஊகித்ததையும் வலது பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு ஊகத்துக்கும் எதிரே, எது கிடைத்தால் அந்த ஊகம் தவறென்று ஆகும் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.